திருநீறு போட்டுத் தேய்த்த காசு

இருபத்தொண்ணு. மைக்குல அந்தப் பொண்ணு கூப்பிடுது. இருபத்தொண்ணு யாருங்க, மேடைக்கு வாங்க. எங்க டோக்கன் முப்பத்திநாலு. நடுவுல பன்னிரண்டு பேரு இருக்காங்க, ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு வச்சாலும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள்ள நான் சொல்லியாகணும், இல்லன்னா சொல்லாமலே இருந்துரணும். சொல்லாம இருக்கதுக்கு எதுக்குடி உனக்கு ஒரு மணி நேரம், அதான் பதினோரு வருஷமா வாயில கொழுக்கட்டையை வச்சிக்கிட்டு இருந்தியே. இவரு பக்கத்து சேருல உக்காந்திருக்காரு. மடியில நீலப் பெட்டி. ரெண்டு கையும் பெட்டி மேல. மதுரை பைபாஸ் ரோட்டுக் கல்யாண மண்டபம், ஆனா இன்னைக்கி கல்யாணம் இல்ல, நாணயக் கண்காட்சி. சாப்பாட்டு ஹால் வரைக்கும் மேசை மேசையா பழைய காசும் நோட்டும் பரப்பி வச்சிருக்காங்க. பொண்ணு மாப்பிள்ளை உக்காருத மேடையில மும்பைக் கம்பெனிக்காரங்க ஒரு விளக்கும் லென்சும் வச்சிக்கிட்டு, கையில உறை மாட்டிக்கிட்டு, கொண்டு வார காசை வாங்கிக் கவருல போட்டு ஒட்டுதாங்க. அங்க மும்பையில வச்சிப் பரிசோதிச்சி, இது நிஜம், இது போலி, இதுக்கு எழுபதுக்கு இத்தனை மார்க்குன்னு ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடைச்சி அனுப்புவாங்களாம். கிரேடிங். இந்த ஒரு வார்த்தை ஒரு வாரமா எங்க வீட்டுல இட்லி சட்னி மாதிரி ஆகிப் போச்சி. காலையில எந்திரிச்சா கிரேடிங், ராத்திரி படுத்தா கிரேடிங்.

எங்க மாமனாரு தென்காசி போஸ்டாபீசுல இருந்தவரு. எழுபத்தி நாலுல பம்பாய் நாணயச் சாலைக்கு எழுதிப் போட்டு வாங்கின செட்டு இது. கடையில புழங்குததுக்கு அடிச்ச காசு இல்ல, சேத்து வைக்கவங்களுக்குன்னு தனியா மினுக்கி அடிச்சது. புரூஃப்ம்பாங்க. முகம் பாக்கலாம், அப்பிடி இருக்கும். அதுல பெரிய காசு ஐம்பது ரூவா, வெள்ளி கலந்தது, அப்பா அம்மா ரெண்டு பிள்ளைகன்னு ஒரு குடும்பம் நிக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுக் காசு. மாமனாருக்கும் ரெண்டே பையன்கதான், மூத்தவரு இவரு, காந்திமதிநாதன், இளையது என் கொழுந்தன் சங்கரலிங்கம். அந்த ஐம்பது ரூவாக் காசைத்தான் லிங்கம் மாத்திட்டான், நல்லதை எடுத்துக்கிட்டு சாதாரணக் காசை வச்சிட்டான்னு இவரு பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காரு. பேச்சு வார்த்தை கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து கிடையாது. லிங்கம் மாத்தவே இல்ல. நான்தான் திருநீறு போட்டுத் தேச்சேன். உலகம்மாள், மின்வாரியம் காந்திமதிநாதன் பொஞ்சாதி, நான்தான் தேச்சேன். பாத்தியா, மனசுக்குள்ள எவ்வளவு சுளுவா வருது. இதே வாக்கியம் பல்லுக்குப் பின்னால வந்து நின்னுக்கிட்டு வெளிய வர மாட்டேங்கு.

இருபத்திரெண்டு. ஒரு பெரியவரு மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போறாரு, மூட்டை நிறைய காசு, அவருக்கு அரை மணி நேரம் ஆகும், அப்பாடா. நான் காசைத் தேச்ச அந்த நோன்பே எங்க வழக்கம் கிடையாது. எதிர் போர்ஷன் வைதேகி மாமி வருஷா வருஷம் வரலட்சுமி நோன்பு கும்பிடுவா, கலசத்துக்கு முகம் வச்சி, நகை போட்டு, பட்டு சுத்தி, பாத்தா நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளை மாதிரி இருக்கும். எனக்குத்தான் பிள்ளை இல்லையே. ஆசையா இருந்துச்சி. நானும் பண்ணலாமா மாமின்னு கேட்டேன், பேஷா பண்ணுன்னா, ஆனா ஆரம்பிச்சா விடப்படாதுன்னா. கலசத்துக்குள்ள பச்சரிசி, எலுமிச்சம்பழம், மஞ்சக் கிழங்கு, ஒரு வெள்ளிக் காசு. வழக்கமா போடுத வெள்ளிக் காசு அந்த வருஷம் நகையோட நகையா பேங்க் லாக்கருக்குப் போயிட்டு. வெள்ளிக்கிழமை காலையில, தலை குளிச்சி ஈரத்துண்டோட நிக்கேன், அப்பத்தான் ஞாபகம் வருது. காசு இல்லாம கலசம் வைக்கலாமா? இவரு டூட்டிக்குப் போயாச்சி. பீரோவைத் தொறந்தேன். நீலப் பெட்டி. ஒரு நாளைக்குத்தானே, அம்மன் வயித்துக்குள்ள இருந்துட்டு வரட்டும், நல்லதுதானேன்னு நெனச்சேன். காசு ஓரத்துல லேசா மஞ்சளும் கறுப்புமா ஏறியிருந்துச்சி. அம்மனுக்குக் கறுத்த காசைப் போடுவாளா எவளாவது? குங்குமச் சிமிழு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு எல்லாத்தையும் எதைப் போட்டுத் தேச்சேனோ அதைப் போட்டுத்தான் இதையும் தேச்சேன். திருநீறு. கட்டை வெரலால அழுத்தி, வட்டம் வட்டமா. ரெண்டு பக்கமும். அந்தக் குடும்பத்தை அப்பா அம்மா பிள்ளைக உள்பட தேச்சேன். பளிச்சுன்னு வந்துச்சி. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. மறுநாள் கலசம் கலைச்சி, அரிசிக்குள்ளருந்து எடுத்து, முந்தானையில துடைச்சி, இருந்த எடத்துல வச்சிட்டேன். பீரோவைப் பூட்டிட்டேன். சாவியைச் சாமி ரூம்பு ஆணியில மாட்டிட்டேன். நான் செஞ்சது ஒரு தப்புன்னு என் உடம்புல ஒரு மயிர்க்காலுக்குக் கூடத் தெரியாது.

"அக்கா எந்த ஊரு?" இந்தப் பக்கத்து சேருல விருதுநகர்க்காரரு, மஞ்சப் பை வச்சிருக்காரு, வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்காரு. தென்காசிப் பக்கம், இப்ப மதுரைதான்னேன். "என்ன காசு?" இவரு பேச மாட்டாரு, நான்தான் சொன்னேன், எழுபத்தி நாலு புரூஃப். அவரு கண்ணு அகலமாயிட்டு. "கை படாம வச்சிருக்கீகளா? அதான்க்கா முக்கியம். போன தடவை நம்ம ஆளு ஒருத்தன், துணி வச்சித் துடைச்சிட்டுக் கொண்டாந்தான். வெறுந் துணிக்கா. மும்பையில விளக்குக்குக் கீழ வச்சிப் பாத்துட்டு, சுத்தம் செய்யப்பட்டதுன்னு எழுதி மார்க்கே போடாம அனுப்பிட்டான். மயிரிழை மாதிரி கோடு கோடா தெரியுமாம். எவன் துடைச்சாங்குறது ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் சொல்லிருவான்." எவன் துடைச்சாங்குறதைத் தவிரவா? எங்க வீட்டுல இருக்கது ரெண்டே பேரு ஐயா.  கேட்டுட்டேன், வாய் சும்மா இருந்தாத்தானே. "துடைச்சா நிஜக் காசையும் சாதாரணக் காசுன்னு சொல்லிருவாங்களா?" அவரு யோசிச்சாரு. "எவ்வளவு தேச்சிருக்குங்கதைப் பொறுத்துக்கா. ரொம்பத் தேச்சிட்டா குழப்பம்தான்." ரொம்பன்னா எவ்வளவு? நான் எவ்வளவு தேச்சேன்? ஒரு பாட்டு நேரமா, ரெண்டு பாட்டு நேரமா? ரேடியோவுல என்னமோ பாடிக்கிட்டிருந்துச்சி. இவரு திரும்பி என்னையப் பாத்தாரு. எதுக்குக் கேக்கேன்னு கேக்கல. பாத்துட்டு பெட்டியைப் பாத்துக் குனிஞ்சிக்கிட்டாரு.

இருபத்தஞ்சு. எப்ப இருபத்தஞ்சு ஆச்சி? அந்த மூட்டைக்காரரு அதுக்குள்ள எறங்கிட்டாரா? ஆயுத பூசை அன்னைக்கித்தான் இவரு பெட்டியைத் தொறந்தாரு. வருஷத்துக்கு ஒரு தடவை, காசைத் தொட மாட்டாரு, மூடி மேல சந்தனம் குங்குமம் வச்சி, தொறந்து ஒரு பார்வை பாத்துட்டு மூடிருவாரு. நான் அடுப்படியில நிக்கேன். சுண்டலுக்குத் தாளிச்சிட்டு பாயசத்துக்குப் பாலு வச்சிருக்கேன். "ஏட்டி, உலகு, இங்க வா." குரலு ஒரு மாதிரி இருந்துச்சி. போனேன். "இதைப் பாரு. முகம் தெரியுதா? தெரியல பாத்தியா? இது நம்ம காசு இல்ல." அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஐயய்யோ நாந்தாங்க தேச்சேன்னு சிரிச்சிருக்கலாம். திட்டியிருப்பாரு, ரெண்டு நாள் சாப்பாடு வேண்டாம்னு முறுக்கியிருப்பாரு, மூணாம் நாள் சரியாப் போயிருக்கும். பாலு பொங்குத மணம் வந்துச்சி. சத்தியமா பாலு பொங்குச்சி, நான் சாக்குச் சொல்லல. ஓடிப் போயி கேஸை அணைச்சேன், மேடையெல்லாம் வழிஞ்சிருக்கு, துணியை எடுத்து ஒத்தினேன், ஒத்திக்கிட்டே எப்பிடிச் சொல்லன்னு யோசிச்சேன், அவ்வளவுதான், அவ்வளவு நேரம்தான். திரும்பி வாரேன், போனு கையில இருக்கு, சத்தம் தெருவுக்குக் கேக்கு. "ஸ்கூல்ல எக்ஸிபிஷன்னு வாங்கிட்டுப் போயி மாத்தி வச்சிருக்கியேலே, திருட்டுப் பயலே, அப்பா குடுத்த காசுலே." லிங்கம் ஆனி மாசம் தென்காசியிலருந்து வந்து பெட்டியை வாங்கிட்டுப் போனது நெசம். அவன் மக நித்யா ஒன்பதாங் கிளாஸ் படிச்சா, பள்ளிக்கூடத்துல கண்காட்சி, தாத்தா காசைக் காட்டணும்னு கேட்டா. ஒரே வாரத்துல கொண்டாந்து குடுத்துட்டான். அல்வா வாங்கிட்டு வந்தான், மதினி உங்களுக்குன்னு தனியா ஒரு பொட்டலம். அவனைப் போயி. அந்தப் பக்கம் லிங்கம் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல, இவரு மூஞ்சிதான் தெரிஞ்சிச்சி, வேர்த்து விறுவிறுத்துப் போயி. திருடன்னு ஒரு வார்த்தை வெளிய வந்த பிறகு, நாந்தான் தேச்சேன்னு சொன்னா, இவரு மொகத்தை எங்க கொண்டு வைப்பாரு? நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். சூடு ஆறட்டும். நாளைக்கு. அந்த நாளைக்கு வரவே இல்ல.

இல்ல, ஒரு நிமிஷம் இரு. இதையே நெனச்சி நெனச்சி எனக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கு, ரெண்டு மூணு வருஷமா. நான் தேய்க்கதுக்கு முன்னால அந்தக் காசுல முகம் தெரிஞ்சிச்சா? என் பொட்டு தெரிஞ்சிச்சின்னு ஞாபகம். ஈரத் தலையோட குனிஞ்சி பாத்தேன், பொட்டு கோணலா இருக்கேன்னு சரி பண்ணினேன். அது இந்தக் காசுதானா, இல்ல பக்கத்துலருந்த பத்து ரூவாயா? இல்ல பீரோக் கண்ணாடியா? பீரோவுலயும் கண்ணாடி இருக்கே. ஒரு வேளை லிங்கம் நெசமாவே மாத்தியிருந்து, மாத்தின காசைத்தான் நான் தேச்சேனோ? அடி பாதகத்தி, இப்பிடியும் நெனைப்பியா. நெனைக்கேன். நெனச்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கு, அந்த நிம்மதி வந்த உடனே என்னையே செருப்பால அடிக்கணும் போல இருக்கு. மும்பைக்காரன் நிஜம்னு சொன்னா லிங்கம் நல்லவன், நான் மாட்டிக்கிட்டேன். சாதாரணக் காசுன்னு சொன்னா நான் தப்பிச்சேன், அவனுக்குப் பிளாஸ்டிக் பெட்டியில அடைச்சித் திருடன் பட்டம், பேத்தி பிள்ளை காலம் வரைக்கும் அழியாது. தேச்ச தேப்புல நிஜமே சாதாரணமாத் தெரிஞ்சிட்டா? அப்ப என் கட்டை வெரலுதான் அவன் கழுத்தைப் பிடிச்ச மாதிரி. அனுப்ப வேண்டாங்க, வீட்டுக்குப் போவோம்னு சொல்லிப் பாக்கலாமா? ஏன்னு கேப்பாரு. தலை சுத்துதுங்கன்னு சொல்லலாம். நெசமாவே சுத்தத்தான் செய்யுது. ஆனா வீட்டுக்குப் போனா கல்யாணத்துக்குப் போக முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செவுரு.

கல்யாணம் நித்யாவுக்குத்தான். நித்யகல்யாணி. லீவு விட்டா எங்க வீட்டுலதான் கெடப்பா. பெரியம்மா தலை வாரி விடுங்க, பெரியப்பா பரோட்டா வாங்கிட்டு வாங்க. இவரு சைக்கிள் முன்னால வச்சி வைகைக் கரை வரைக்கும் கூட்டிட்டுப் போவாரு. அவ வயசுக்கு வந்தப்ப முதல் பாவாடை தாவணி நான் எடுத்தது. அந்தப் பிள்ளையை நான் பாத்து பதினோரு வருஷம் ஆச்சி. போன வாரம் தபாலுல பத்திரிகை வந்துச்சி, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி. தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டு, பெரியப்பா பெரியம்மான்னு எங்க பேரு முதல்ல. முதல்ல! தம்பி பேருக்கு மேல. அதைத் தடவிப் பாத்துட்டு நான் அழுதேன். இவரு ராத்திரி பூரா ஃபேனைப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. காலையில காப்பி குடிக்கையில சொன்னாரு. "காசைக் கிரேடிங்குக்குக் குடுப்போம். ஒரிஜினல்னு வந்துட்டா நானே போயி முன்ன நின்னு கல்யாணத்தை நடத்துதேன். மாத்தினதுன்னு வந்துட்டா அந்தப் பத்திரிகையைக் கண்ணுல காட்டாத." சரிங்கன்னேன். வேற என்ன சொல்லுவேன்? ஒரு காசைக் கேட்டுத்தான் பிள்ளை கல்யாணத்துக்குப் போகணுமா மனுசான்னு கேட்டிருக்கணும். கேக்கதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு.

முப்பது. அந்த மைக்குப் பொண்ணே கீழ எறங்கி வந்து எல்லார்கிட்டயும் பாரம் குடுக்குது. பேரு, விலாசம், எந்த வருஷத்துக் காசு, எத்தனை. எழுதி வச்சிக்கோங்க சார், மேல போனா சீக்கிரம் முடியும். "ரிசல்ட் எப்பம்மா வரும்?" விருதுநகர்க்காரருதான் கேட்டாரு. "அறுபது நாளு ஆகும் சார். கூட்டமா இருந்தா எழுபது." எனக்குப் பொசுக்குன்னு இருந்துச்சி. இவரு பேனாவைத் தொறந்து பேரு எழுதுதாரு, கா, ந், தி, நிதானமா, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. நான் குனிஞ்சி மெதுவாச் சொன்னேன். "என்னங்க, கல்யாணம் இந்த மாசம் இருபத்திரெண்டாந் தேதி."

"தெரியும்."

"ரிசல்ட் வாரதுக்கு மார்ச் ஆயிருமாம்."

"அது போன வாரமே போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

கேட்டுட்டாராம். போன வாரமே. அப்ப ஒரிஜினல்னு வந்தா முன்ன நின்னு நடத்துதேன்னு சொன்னது? வராதுன்னு தெரிஞ்சே சொன்னதா? இருபத்திரெண்டாந் தேதி தாலி கட்டி, மறுவீடு போயி, அந்தப் பிள்ளை பால் காய்ச்சி குடித்தனம் வச்ச பிறகு இவருக்கு மும்பையிலருந்து காயிதம் வரும், அதைப் பாத்துட்டு முன்ன நிக்கப் போறாராக்கும்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. அவ்வளவு வன்மமா தம்பி மேல? இல்ல, வன்மம்னா பத்திரிகையைக் கிழிச்சிப் போட்டிருப்பாரே. நேத்து பீரோவுக்குள்ள பாத்தேன், இவரு வேட்டி மடிப்புக்கு நடுவுல பத்திரமா வச்சிருக்காரு. போன புதன்கிழமை நகைக்கடைப் பக்கமா ஒருத்தரைப் பாத்துட்டு வாரேன்னு போனாரே, அங்க யாரு இருக்கா இவருக்கு? கேட்டதுக்கு மூக்குத்தி என்ன மாடல் இருக்குன்னு சும்மா பாத்தேன்னாரு. எனக்கா? நான் மூக்கே குத்தல. அப்ப யாருக்கு, நித்யாவுக்கா? இந்த மனுசன் என்ன நெனைக்காருன்னு முப்பத்தஞ்சு வருஷமா கூட இருந்தும் எனக்கு ஒரு எழவும் புரியல. போகணும்னு நெனைக்காரா, போகக் கூடாதுன்னு நெனைக்காரா? காசு நிஜமா இருக்கணும்னு சாமி கும்பிடுதாரா, மாத்தினதா இருக்கணும்னு கும்பிடுதாரா? நான் எதைக் கும்பிடுதேன்? எனக்கே தெரியலையே. முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு ரெண்டு பேரும் வரல போல, அடுத்தடுத்துக் கூப்பிடுதாங்க. விருதுநகர்க்காரரு மஞ்சப் பையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சாரு, "வாரேன்க்கா, நல்ல மார்க்கு வரும்." அவருதான் முப்பத்திமூணு.  வாயைத் தொறடி, உலகு. தொறந்தேன். "தண்ணி குடிக்கீங்களா?"ன்னு கேட்டேன். தூ, இதுக்கா தொறந்த.

"முப்பத்திநாலு. காந்திமதி மேடம் யாருங்க?"

டோக்கனுக்குக் குடுத்த இவரு பேருல பாதியைப் படிச்சி மேடமாக்கிட்டா, வேற நாளா இருந்தா இதுக்கு நான் ஒரு வாரம் சிரிச்சிருப்பேன். இவரு எந்திரிக்கல. பாரம் கையில இருக்கு, பெட்டி மடியில இருக்கு, காலு தரையில ஒட்டின மாதிரி உக்காந்திருக்காரு. நான் தோளைத் தொட்டேன். துணி நனைஞ்சிருக்கு. மார்கழி மாசத்துல, ஃபேனுக்குக் கீழ, முதுகு பூரா வேர்த்திருக்கு. அந்த ஆயுத பூசை அன்னைக்கி வேர்த்த மாதிரியே. "என்னங்க, கூப்பிடுதாங்க." என் பக்கம் திரும்பினாரு.

"ஏட்டி, ஒரிஜினல்னு வந்துட்டா?"

இப்பிடி ஒரு பயத்தை நான் இந்த மூஞ்சியில பாத்ததே இல்ல. கரண்டு அடிச்சித் தூக்கி எறிஞ்சி ஆஸ்பத்திரியில கெடந்தப்பக் கூடப் பாக்கல. அதைப் பாத்த உடனே எனக்குள்ள என்னமோ விட்டுப் போச்சி. நான் யோசிக்கவே இல்ல. "ஒரிஜினல்தாங்க," ன்னேன். "லிங்கம் மாத்தல. நான்தான் நோன்புக்கு எடுத்தேன். திருநீறு போட்டுத் தேச்சிட்டேன். அவன் கொண்டாந்து குடுத்த பிறகு, அந்த ஆவணி மாசம். நான்தான்." சொல்லிட்டு கண்ணை மூடிக்கிட்டேன். அடிச்சாலும் அடிக்கட்டும், இந்த மண்டபத்துல நூறு பேரு முன்னால கத்தினாலும் கத்தட்டும்.  கண்ணைத் தொறந்தா இவரு பெட்டியைப் பாத்துக்கிட்டிருக்காரு.

"தெரியும்," ன்னாரு.

"என்ன தெரியும்?"

"எழுத்து இடுக்குல திருநீறு இருந்துச்சி. ஆயுத பூசைக்கு மறுநாள் லென்சு வச்சிப் பாத்தேன். ஓரத்துல நீ தேய்க்காத எடத்துல கண்ணாடி மாதிரி மினுக்கு அப்பிடியே இருக்கு. அப்பா வாங்கின காசுதான்."

மறுநாளா? மறுநாளே தெரியுமா? நான் பதினோரு வருஷமா இந்த மனுசனைக் கண்டு நடுங்கி, ராத்திரி தூக்கத்துல உளறிருவேனோன்னு பயந்து, திருநீறுச் சட்டியைப் பாக்கையிலெல்லாம் மொகத்தைத் திருப்பிக்கிட்டு, பாவி மனுசா. "தெரிஞ்சி ஏன் எங்கிட்ட கேக்கல? ஏன் அவங்கிட்ட சொல்லல?" எனக்குக் குரலு ஏறிப் போச்சி, முன் வரிசையில ரெண்டு பேரு திரும்பிப் பாக்காங்க, பாக்கட்டும். இவரு பாரத்தை நாலா மடிச்சாரு, எட்டா மடிச்சாரு. "உங்கிட்ட கேட்டா நீ ஆமாம்ப. நீ ஆமான்னா நான் அவன்கிட்டப் போயி நிக்கணும். என்னன்னு நிப்பேன்? திருடன்னு சொல்லிட்டேனே. தெருவே கேட்டுச்சி. ஒரு நாள் போட்டும்னு பாத்தேன், ஒரு மாசம் போட்டும்னு பாத்தேன். பிறகு போறதுக்கு மொகம் இல்ல. மும்பைக்காரன் எழுதிக் குடுத்தா, இந்தா பாரு, எனக்கு இப்பத்தான் தெரிஞ்சிதுன்னு போகலாம்லா. கல்யாணக் கூட்டம் எல்லாம் கலைஞ்ச பிறகு, அவன் மட்டும் இருக்கையில." பொய்க்கு மேல ஒரு பொய், அதுக்கு மும்பையில ஒரு முத்திரை. திட்டணும்னு வாயைத் தொறந்தேன். என்னன்னு திட்டுவேன்? நாளைக்கு நாளைக்குன்னு நான் சொன்னதைத்தானே இவரும் சொல்லிக்கிட்டு ஒரே கட்டிலுல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்திருக்காரு. தப்பு செஞ்ச ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே ரசத்தை ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு சௌக்கியமா இருந்திருக்கோம். ஒண்ணுமே செய்யாதவன் தென்காசியில திருடனா இருந்திருக்கான்.

"முப்பத்திநாலு, கடைசித் தடவை. இல்லன்னா முப்பத்தஞ்சு வாங்க."

"போகலையா?" ன்னேன்.

"வேண்டாம்."

"அப்ப போன் பண்ணுங்க. இப்பவே. திருடன்னு சொன்ன வாயிதானே, அதுதான் பேசணும். பிறகு எங்கிட்ட குடுங்க, நான் பேச வேண்டியதும் இருக்கு." மறுத்துப் பேசுவாருன்னு நெனச்சேன். சட்டைப் பையிலருந்து போனை எடுத்தாரு. தம்பி நம்பரை எங்கயும் எழுதி வைக்கல, எனக்குத் தெரியும், அந்த வருஷமே அழிச்சிட்டாரு. ஆனா பத்து எண்ணையும் நிக்காம அமுத்தினாரு. காது கொஞ்சம் மந்தம், எப்பவும் சத்தமாத்தான் போடுவாரு. மணி அடிக்குது. எடுக்காதே, எடுத்துரு, எடுக்காதே. எடுத்துட்டாங்க. அந்தப் பக்கம் மேளக்காரங்க யாரோ பேசுத சத்தம், கல்யாண வீட்டு இரைச்சல், ஒரு பொம்பளப் பிள்ளை சிரிக்கா, நித்யாதானா, குரலு மாறிப் போயிருக்கு. "ஹலோ, யாரு?" லிங்கம்தான். இவரு ரெண்டு தடவை செருமினாரு. அந்தச் செருமலுலயே அவனுக்குத் தெரிஞ்சி போச்சி. அந்தப் பக்கத்து இரைச்சல் கொறஞ்சிச்சி, எந்திரிச்சி வெளிய வந்திருப்பான்.

"என்னண்ணே," ன்னான் லிங்கம். "காசு கெடச்சிட்டா?"

கேலியா கேட்டானா, நெசமாத்தான் கேட்டானான்னு எனக்குத் தெரியல. இவரு என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு. பிடி எலும்பு வரைக்கும் வலிக்குது.

"காசு எங்கயும் போகலலே," ன்னாரு. "அன்னைக்கும் போகல."

அதுக்கு மேல இவருக்கு வரல.  முப்பத்தஞ்சு மேடைக்குப் போயி, முப்பத்தாறு போயி, முப்பத்தேழையும் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டு பேருல ஒருத்தரும் போனை வைக்கல.